பட்டா நிலத்தில் பிறர் கொட்டும் குப்பை: தண்டனை யாருக்கு, சுமை யாருக்கு?

உச்சிப்புளிக்கும் கடற்கரைக்கும் இடையில் தந்தை வழியில் வந்த 32 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. உரிமையாளர் துபாயில் வேலை பார்க்கிறார். ஓராண்டாக யாரோ இரவு நேரத்தில் வண்டி வண்டியாகக் குப்பை கொட்டுகிறார்கள். இப்போது அந்தக் குப்பையை அகற்றச் சொல்லி ஊராட்சியிலிருந்து அவருக்கே அறிவிப்பு வந்திருக்கிறது. கொட்டியவருக்குச் சட்டத்தில் என்ன தண்டனை, கொட்டாத தனக்கு ஏன் அறிவிப்பு என்பது அவருடைய கேள்வி. ராமநாதபுரம் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், திருப்புல்லாணி முதல் தொண்டி வரை கடலோரத்தில் ஆள் இல்லாமல் கிடக்கும் மனைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். உரிமையாளர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சென்னையிலோ இருப்பார்; வேலி சாய்ந்திருக்கும்; சீமைக்கருவேலம் மண்டியிருக்கும்; அந்த மறைவே குட்டியானை வண்டிக்காரருக்கு வசதியாகப் போய்விடும்.

முதலில் அறிவிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குப்பை கொட்டியதற்குத் தண்டிப்பது ஒரு நடவடிக்கை. கிடக்கும் குப்பையால் ஊருக்கு வரும் கேட்டை நீக்குவது வேறொரு நடவடிக்கை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலரும் கோபத்தில் அறிவிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள். 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், சுகாதாரக் கேடு விளைவிக்கும் ஒன்று ஓரிடத்தில் இருந்தால், அதற்குக் காரணமானவருக்கோ அந்த இடத்தின் உரிமையாளருக்கோ அனுபவதாரருக்கோ அதை நீக்கும்படி அறிவிப்பு அனுப்ப இடம் தருகிறது. காரணமானவர் யாரென்று தெரியாதபோது அதிகாரியின் கையில் இருக்கும் ஒரே பெயர் பட்டாவில் உள்ள பெயர்தான். ஆகவே அந்த அறிவிப்பு உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதில் எழுதாமல் விட்டால், அகற்றிய செலவு உங்கள் தலையில் விழும். உங்கள் சம்மதத்தோடுதான் கொட்டப்பட்டது என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

இனி தண்டனை. நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் ஆகும்; 2026 ஏப்ரல் 1 முதல் அந்த விதிகளின் இடத்தைப் புதிய விதிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 2016 விதிகளின் நான்காவது விதி, தன்னிடம் சேரும் கழிவைத் தெருவிலும், தன் வளாகத்துக்கு வெளியே உள்ள திறந்த பொது இடத்திலும், வடிகாலிலும், நீர்நிலையிலும் எவரும் வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று சொன்னது. இந்த வாசகத்தைக் கூர்ந்து படித்தால் ஓர் இடைவெளி தெரியும்: பிறருடைய தனியார் நிலம் என்ற சொல் அதில் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு, கொட்டிய இடம் பொது இடம் இல்லை, ஆகவே விதி மீறப்படவில்லை என்று வாதிடக்கூடும். அந்த வாதம் நிற்காது. அதே விதியின் முதல் பகுதி, கழிவைத் தரம் பிரித்து, உள்ளாட்சி அனுமதித்த சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் கடமையை ஒவ்வொருவர் மீதும் சுமத்தியது. ஒப்படைக்காமல் வேறு எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அது பட்டா நிலமாக இருந்தாலும் புறம்போக்காக இருந்தாலும், கடமை தவறியது தவறியதுதான். புகார் எழுதும்போது இந்தக் கடமையை முன்வைத்து எழுத வேண்டும். 'என் நிலத்தில் கொட்டிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் அது வெறும் இடத் தகராறு என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விதியை மீறினால் எவ்வளவு? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் முன்பு ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருந்தன. 2023-ஆம் ஆண்டில் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் இதை மாற்றியது; 2024 ஏப்ரல் 1 முதல் சிறை நீங்கி, குறைந்தது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்றாகிவிட்டது. மீறல் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளுக்கும் கூடுதலாக 10,000 ரூபாய். இதை விதிப்பது நீதிமன்றம் அல்ல. அதற்கென நியமிக்கப்படும் உயர்நிலை அதிகாரி விசாரித்து விதிப்பார். விதித்த தொகையை 90 நாளுக்குள் கட்டாவிட்டால்தான் சிறை என்ற பேச்சு மீண்டும் வருகிறது. சிறையை எடுத்தது தளர்வு என்று பலர் வருந்துகிறார்கள். என் கருத்து வேறு: ஐந்தாண்டுச் சிறை என்று ஏட்டில் இருந்தபோது, குப்பை கொட்டிய வண்டிக்காரர் ஒருவர் அந்தப் பிரிவில் உள்ளே போனதை நான் கண்டதில்லை, நாளொன்றுக்குப் பத்தாயிரம் என்பது வியாபாரியை யோசிக்க வைக்கும். ஆனால் அந்த அதிகாரி வரைக்கும் ஒரு கோப்பு போய்ச் சேர வேண்டுமானால், கீழே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்து வடிவில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

இதற்குக் கீழ்ப்படியில் இருப்பது உள்ளாட்சியின் உடனடி அபராதம். திடக்கழிவு விதிகள் ஒவ்வொரு உள்ளாட்சியையும் துணைவிதி வகுத்துத் தொகை நிர்ணயிக்கச் சொல்கின்றன. ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் போன்ற நகராட்சிகளில் ஒரு தொகையும் மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளில் வேறொரு தொகையும் ஊராட்சியில் இன்னொரு தொகையும் இருப்பது இதனால்தான். பிடிபட்ட இடத்திலேயே ரசீது போட்டு வசூலிக்கலாம் என்பது இதன் பலம். தொகை சிறியது என்பது இதன் பலவீனம். ஒரு நடைக்குக் கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டு அபராதத்தையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ளும் வண்டிக்காரர்கள் உண்டு. அப்படியானாலும் அந்த ரசீது உங்களுக்கு மிக முக்கியம். கொட்டியவரின் பெயரும் வண்டி எண்ணும் தேதியும் அரசு முத்திரையோடு இருக்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். அபராதம் போட்டால் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

காவல் நிலையம் என்றால், 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பொதுத் தொல்லைக்கு அதன் 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம். முன்பு 200 ரூபாயாக இருந்தது. நோய் பரவக் காரணமாகும் கவனக்குறைவான செயலுக்கு 271-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ கெடுத்தால் 279-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்கள் நிலத்தை ஒட்டி ஊருணி இருந்து அதில் குப்பை இறங்கினால் இந்தப் பிரிவு மிகவும் பொருந்தும். உங்களுக்கு நேரடியாக உரியது 329-ஆம் பிரிவு, அதாவது குற்ற நோக்கோடு அத்துமீறி நுழைதல்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இங்கே 'நோக்கோடு' என்ற சொல்தான் வழக்கைத் தீர்மானிக்கிறது. 'தரிசு என்று நினைத்தேன், யாருடைய இடம் என்று தெரியாது' என்று அவர் சொன்னால் நோக்கம் இல்லை என்றாகிவிடும். நிலத்தில் ஒரு பலகை நட்டு, பெயரையும் புல எண்ணையும் எழுதி, கொட்டுபவர் யாரென்று சந்தேகப்படுகிறீர்களோ அவருக்கு ஒரு பதிவுத் தபாலும் அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு நடைக்கும் அந்தச் சாக்கு எடுபடாது. இருநூறு, முந்நூறு ரூபாய்ப் பலகைதான். ஆனால் வழக்கில் அதன் மதிப்பு பெரிது. மண்ணோ கிணறோ கெட்டுப் பொருளிழப்பு ஏற்பட்டிருந்தால் 324-ஆம் பிரிவின் சேதம் விளைவித்தல் சேரும்; இழப்பு ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

கொட்டப்பட்ட பொருள் என்ன என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் கடுமை மாறுகிறது. ஆகவே குவியலைப் பார்க்காமல் புகார் எழுதக் கூடாது. நம் கடலோரத்தில் பெரும்பாலும் கிடப்பவை ஓட்டல், விடுதிக் கழிவு, தெர்மாகோல் பெட்டி, அறுந்த நைலான் வலை, நண்டு ஓடு, மீன் கழிவு, இடித்த கட்டடச் சல்லி ஆகியவை. விடுதியும் ஓட்டலும் நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கினால் 2016 விதிகளின்படியே அவை பெருங்கழிவு உற்பத்தியாளர் என்ற வகையில் வருகின்றன. அவற்றுக்குக் கடமை அதிகம், மன்னிப்பு குறைவு. கட்டட இடிபாட்டுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. செப்டிக் டேங்க் லாரி கழிவுநீரை இறக்கியிருந்தால் அதன் உரிமத்தையே கேள்விக்குள்ளாக்கலாம். உரிமம் வழங்கிய உள்ளாட்சியிடம் வண்டி எண்ணோடு எழுத வேண்டும்.

ஊசியும் பஞ்சும் மருந்துக் குப்பியும் இருந்தால் நிலைமையே வேறு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டதன் பேரில் கேரளத்திலிருந்தே வண்டிகள் வந்து அவற்றை அள்ளிச் சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். அதன் தொடர்ச்சியாக 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம், குண்டர் சட்டம் என்று வழக்கில் சொல்லப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுபவரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஓராண்டு வரை விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. தடுப்புக் காவல் தண்டனை அல்ல என்பது சட்ட நுணுக்கம். உள்ளே இருப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எனவே குவியலில் மருத்துவக் கழிவு தென்பட்டால் கையால் தொடாமல், கிளறாமல், அப்படியே படமெடுத்து அன்றைக்கே காவல் நிலையத்துக்கும் வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்ல வேண்டும்.

கடலோரம் என்பதால் நமக்கு இன்னொரு சட்டமும் கைகொடுக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையுள்ள பகுதியைக் கட்டுப்படுத்துகிறது. நகரக் கழிவு, கட்டட இடிபாடு, தொழிற்கழிவு ஆகியவற்றைக் கொட்டி நிலத்தை மேடாக்குவதை அது தடை செய்கிறது. பட்டா இடம் என்பதால் இந்தத் தடை விலகாது. உங்கள் 32 சென்ட் இந்த வரம்புக்குள் வந்தால், கொட்டியவர் திடக்கழிவு விதியோடு இந்த அறிவிக்கையையும் மீறியவராகிறார். இரண்டும் மேலே சொன்ன 15-ஆம் பிரிவின்கீழ்தான் போய்ச் சேரும் என்றாலும், புகாரின் கனம் கூடும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்லப்படும் வாதமும் இல்லை. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர் என்பது மழைநீர் கீழே இறங்கி உப்புநீருக்கு மேல் மெல்லியதாக மிதக்கும் ஒரு படலம்தான். ஆழமில்லாத கிணறு தோண்டிக் குடிப்பதும் அதனால்தான். மணல் அழுக்கைப் பெரிதாகத் தடுத்து நிறுத்துவதில்லை. இன்று மேலே ஊறும் மீன் கழிவின் சாறு வெகுசீக்கிரம் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் கிணற்றுக்கும் போய்விடும். கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்கி வைத்திருந்தால், 'வெறும் குப்பைதானே' என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

இனி, உரிமையாளர் தாமே விழும் குழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டனையைப் பற்றிக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் என்னிடம் வரும்முன்பே இவற்றில் ஒன்றில் காலை விட்டிருப்பார்கள். தொல்லை தாங்காமல் ஆள் வைத்துக் குவியலுக்குத் தீ வைப்பது முதலாவது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று அல்மித்ரா பட்டேல் வழக்கில் அளித்த உத்தரவின்படி, திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் செலுத்த வேண்டும்; எரித்தவர் குப்பைக்குச் சொந்தக்காரரா, நிலத்துக்குச் சொந்தக்காரரா என்று அது பார்ப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பனங்காட்டை ஒட்டித் தீ வைப்பது வேறு ஆபத்தையும் கொண்டுவரும். பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது இரண்டாவது. அது கொட்டியவரின் குற்றத்தை உங்கள் குற்றமாக மாற்றுவதோடு, உங்கள் சாட்சியத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது.

மூன்றாவதுதான் மிகவும் பரவலானது. பள்ளமான மனையை மேடாக்க மண் விலை கட்டுபடியாகாமல், 'சல்லி இருந்தால் அடியுங்கள்' என்று யாரிடமோ வாய்வழியாகச் சொல்லிவிடுவார்கள். சல்லியோடு தொடங்கியது நாலாவது நடையில் பிளாஸ்டிக்காகவும் பத்தாவது நடையில் ஓட்டல் எச்சிலாகவும் மாறும். அப்போது போய்ப் புகார் கொடுத்தால், 'அவர்தான் கொட்டச் சொன்னார்' என்று வண்டிக்காரர் சொல்வார். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். உரிமையாளரின் சம்மதம் அத்துமீறல் குற்றத்தை இல்லாமல் செய்துவிடும். ஆனால் சுற்றுச்சூழல் மீறலை இல்லாமல் செய்யாது, இருவரையும் அதில் சேர்த்துவிடும். உங்கள் குடும்பத்தில் பெரியப்பாவோ மச்சானோ அப்படி யாரிடமும் சொல்லியிருக்கிறாரா என்பதை, புகார் கொடுக்கும் முன் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

'இருபது வருடமாக இங்கே ஊரே கொட்டுகிறது' என்றொரு எதிர்வாதமும் வரும். வழியுரிமையை நீண்டகால அனுபவத்தால் பெறலாம் என்பதை வைத்துச் சொல்லப்படுவது இது. பொதுத் தொல்லை விளைவிக்கும் உரிமையை எத்தனை ஆண்டுப் பழக்கத்தாலும் பெற முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். ஆகவே அதைக் கேட்டுத் தயங்க வேண்டியதில்லை.

தண்டத்தொகை எதுவும் உங்கள் கைக்கு வராது. அது அரசுக்குப் போகிறது. உங்கள் இழப்பை மீட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் இனிக் கொட்டக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளையும், கொட்டியதை அவரே அள்ள வேண்டும் என்ற செயலுறுத்துக் கட்டளையும், அதோடு இழப்பீடும் கேட்பது. அசையாச் சொத்தில் அத்துமீறியதற்கான இழப்பீட்டை மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும் என்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும். மற்றொன்று, சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஐந்தாண்டு என்று கால வரம்பு இருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, 10 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதால் அதன் சொல்லுக்கு எடை அதிகம். ஆனாலும் 32 சென்டுக்காக முதல் படியாகவே சென்னைக்கு ஓடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கு முன் கோட்டாட்சியரிடம் போகலாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ், ஊராரின் உடல்நலத்துக்குக் கேடான தொழிலையோ பொருள்களையோ அகற்றும்படி அவர் நிபந்தனை உத்தரவு பிறப்பிக்க முடியும். கொட்டுபவர் மீன் கம்பெனியோ விடுதியோ ஓட்டலோ ஆக இருந்து, ஆள் அடையாளமும் தெரிந்தால், செலவு குறைந்த, விரைவான வழி இதுவே.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் இவையெல்லாம் ஊரிலிருக்கும் ஒருவருக்கு நீங்கள் எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தில் (பவர் பத்திரம்) தொங்குகின்றன. துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தாள் கட்டணம் செலுத்திவிட வேண்டும். அதில் நிலத்தை விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காமல், புகார் அளிக்கவும் வழக்கு நடத்தவும் வேலி போடவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். குப்பைத் தகராறு நிலத் தகராறாக முடிந்த குடும்பங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாட்சியத்தைப் பொறுத்தவரை, பக்கத்துத் தோப்புக்காரரின் கேமராவில் வண்டி பதிவாகியிருந்தால் மூலப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கை மாறி வந்த நகலை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழும் சேர வேண்டும். குவியலில் கிடக்கும் ரசீது, பார்சல் ஒட்டி, பெட்டியில் அச்சிட்ட கடைப் பெயர் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் படமெடுப்பது, இரவில் கண்விழித்து வண்டியைத் துரத்துவதைவிடப் பயனுள்ளது. அந்த வேலையில் அடிதடி நேர்ந்து, நிலத்துக்காரரே குற்றம் சாட்டப்பட்டவராக நின்றதும் உண்டு.

கையிலிருக்கும் அறிவிப்புக்கு, அதில் குறிப்பிட்ட நாளுக்குள் அறிவிப்பை அனுப்பிய ஊராட்சி அதிகாரிக்கும், நகலாக வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் பதில் அனுப்புங்கள். நிலம் உங்களுடையது, கழிவு உங்களுடையது இல்லை, நீங்கள் சம்மதம் தரவில்லை, எந்தத் தேதி முதல் நடக்கிறது, காவல் நிலையத்தில் எந்த நாளில் புகார் கொடுத்தீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். அதிகாரிகள் உங்கள் தரப்பையும் சேர்த்துக்கொண்டு நேரில் கூட்டுப் புலத் தணிக்கை நடத்தி, கழிவின் வகையையும் அளவையும் பதிந்த பிறகே அகற்ற வேண்டும் என்றும், அகற்றும் செலவைக் கொட்டியவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமலேயே ஒத்துழைப்பதாகவும் ஒரு வரி சேருங்கள். அந்தத் தணிக்கை முடியும் வரை குவியலிலிருந்து ஒரு கூடையைக்கூட யாரும் எடுக்க வேண்டாம் என்று ஊரிலிருக்கும் உங்கள் ஆட்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.